இறந்த திகதி

மோர்மன் ஆலயத்துக்குள் நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் நுழைந்தேன். லண்டனுக்கு வெளியே புதிதாகக் கட்டிய ஆலயம். பிரதிஷ்டைக்கு முன் சில வாரங்கள் மட்டும் எல்லோரையும் உள்ளே விடுவார்கள்; அதற்குப் பிறகு அவர்களுடைய ஆட்களுக்கு மட்டும்தான் கதவு திறக்கும். சப்பாத்துக்கு மேல் மாட்ட வெள்ளை உறை வைத்திருந்தார்கள். நான் அதைக் கவனிக்காமல், பழக்கதோஷத்தில் வாசலிலேயே சப்பாத்தை விட்டுவிட்டேன். இரண்டு வருடங்களுக்கு முன் அந்தச் சபையில் சேர்ந்த என் மகள், முகம் சிவக்கக் குனிந்து, என் சொக்சுக்கு மேலேயே உறையை மாட்டிவிட்டாள்.

முன்மண்டபம் முழுக்கப் படங்கள். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்த மதத்தில் முதன்முதலாகச் சேர்ந்த தச்சர், தோட்டக்காரர், கூலிக்காரர் எல்லாம் கப்பலேறி அமெரிக்கா போய், கைவண்டியில் சாமான் ஏற்றி மாதக்கணக்கில் நடந்தார்களாம். வழியில் செத்தவர்களை அங்கேயே புதைத்துவிட்டு நடையைத் தொடர்ந்தார்களாம். விளக்கம் சொன்ன வெள்ளைக்காரப் பெண்மணிக்கு என் வயதிருக்கும். தன் முன்னோரில் ஒருவர் எங்கே கிடக்கிறார் என்றே தெரியாது என்று, நேற்று நடந்ததுபோலக் கண் கலங்கினார்.

எனக்கும் ஒரு தம்பி. இலங்கையில், வன்னியில் நடந்த கடைசிச் சண்டைக்குள் அகப்பட்டவன். உடலும் இல்லை, செய்தியும் இல்லை. மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று அரசாங்கக் கந்தோரில் கூப்பிட்டபோது, அம்மா அந்தப் பேப்பரைத் தொடாமல் எழும்பி வந்துவிட்டார். சாகும்வரை போனில் என்னிடம் ஒரே பாட்டு: "நீயும் ஒண்டிலையும் கையெழுத்து வைச்சிடாதை, என்ன." நானும் வைக்கவில்லை. அவனுக்குத் திவசம் கொடுப்பதில்லை. ஒவ்வொரு வெள்ளியும் ஈஸ்ட் ஹாம் கோயிலில் அவனுடைய பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்விப்பேன். அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்குத்தானே செய்வது.

ஆலயத்தின் உள்ளே ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. பன்னிரண்டு எருதுகள் முதுகில் அதைச் சுமந்தபடி நின்றன. நந்தியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒன்றும் புதினமாகத் தெரியவில்லை.

"இஞ்சதான் அப்பா, செத்த ஆக்களுக்காக நாங்கள் ஞானஸ்நானம் எடுக்கிறது," என்றாள் மகள். "அவையின்ர பேரைச் சொல்லி எங்களைத் தண்ணிக்குள்ள இறக்குவினம். சித்தப்பாவின்ர பேரையும் குடுக்க எனக்கு விருப்பம். ஆனா கிட்டின சொந்தம் ஒராள் ஓம் எண்டு சொல்லோணும். அது நீங்கள்தான்."

போனை நீட்டினாள். அம்மா அனுப்பியிருந்த தம்பியின் பழைய சாதகக் குறிப்பைப் பார்த்து, பெயர், பிறந்த திகதி, ஊர் எல்லாம் நிரப்பியிருந்தாள். இறந்த திகதிக்கான கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"ஏலாது." அந்த அமைதிக்குள் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அவன் செத்தவன் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை, அப்பா. அவருக்கெண்டு ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லையே எண்டுதான்..."

எனக்குக் கோபம் என்று அவள் நினைத்திருப்பாள். எனக்கு வந்தது பயம். முப்பது வருடம் லண்டனில் ரயில் ஓட்டியவன் நான், பேய் பிசாசு நம்பாதவன். என்றாலும் நான் ஓம் என்று சொன்ன அந்தக் கணமே, எங்கேயோ ஒரு இராணுவத் தடுப்புமுகாமில் இருக்கும் தம்பியின் மூச்சு நின்றுவிடும் என்று பயந்தேன். அவள் நீட்டிய போனைத் தள்ளிவிட்டு, சப்பாத்தைத் தேடி வாசலுக்கு நடந்தேன்.

அடுத்த வெள்ளி நல்ல மழை. மகள்தான் என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். அவள் அர்ச்சனைத் தட்டைத் தொடமாட்டாள். எனக்குப் பின்னால் தூணடியில் நின்றாள்.

"பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ," என்றார் ஐயர்.

தம்பியின் பெயரைச் சொன்னேன். நட்சத்திரம் வரவில்லை. வாராவாரம் சொன்ன சொல், வாய்க்குள் எங்கே தேடியும் இல்லை. தட்டில் தேங்காய் உருண்டது. அம்மாவும் போய்விட்டார். நானும் மறந்துவிட்டால் அவனை உயிரோடு வைத்திருக்க இந்த உலகத்தில் ஆர் இருக்கிறார்கள்? ஐயர் மணியைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"உத்தரட்டாதி," என்றாள் மகள், பின்னால் நின்று. செத்தவர்களுக்கான அந்தப் படிவத்தை நிரப்ப அவள் பார்த்த சாதகக் குறிப்பில் இருந்த நட்சத்திரம்.

ஐயர் அவனுக்கு நீண்ட ஆயுள் கேட்டு மந்திரத்தைத் தொடங்கினார். மகளைத் திரும்பிப் பார்க்கப் பயந்து, நான் நேரே பார்த்தபடி நின்றேன்.