அடுக்கி வைத்த ஷூ

ஜப்பானில் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கக் கிளம்பினேனே, அந்த ஆடி மாதம் பெட்டியில் என்னென்ன கட்டினேன் என்று பலர் கேட்கிறீர்கள். சட்டை, பேண்ட் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஷூ பற்றித்தான் சொல்ல வேண்டும். அதை நினைத்தால் இன்றும் உள்ளங்கால் சில்லிடுகிறது.

முதலில் அளவு. என் பாதம் இருபத்தாறு சென்டிமீட்டர். அங்கே பெண்கள் கடையில் அந்த அளவு கிடைப்பது குதிரைக்கொம்பு என்று ஏற்கெனவே போன தோழி எச்சரித்திருந்தாள். அதனால் தஞ்சாவூரிலேயே இரண்டு ஜோடி வாங்கினேன். தெருவுக்குக் கறுப்பு, 1,450 ரூபாய். பள்ளிக்குள் மட்டும் போட வெள்ளை, 800 ரூபாய். இரண்டிலும் லேஸ் கிடையாது. நாளெல்லாம் கழற்றி மாட்டும் ஊரில் லேஸ் கட்டிக்கொண்டிருந்தால் பாடவேளையே முடிந்துவிடும்.

கழற்றுவதற்கும் ஒரு முறை உண்டு. இரண்டையும் ஒட்டினாற்போல் சேர்த்து, நுனி வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைக்க வேண்டும். நம் வீடுகளில் செருப்பு கிடக்கும் லட்சணம்தான் தெரியுமே. எனவே போகிற இடமெல்லாம் அடுக்கி வைத்துப் பழகிக்கொண்டிருந்தேன்.

கிளம்பும் வாரம், அத்தையிடம் சொல்லிக்கொள்ளத் திருக்காட்டுப்பள்ளிக்குப் பஸ் ஏறினேன். தஞ்சாவூரிலிருந்து சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவர் அப்பாவின் அக்காவான இந்த அத்தைதான். வேலை கிடைத்ததிலிருந்து அவர் வாயிலிருந்து ‘போயிட்டு வா’ என்ற சொல் வரவில்லை. அதை வாங்காமல் விமானம் ஏற எனக்கு மனமில்லை. அன்று மதியமும் சோறு போட்டார், அப்பளம் போட்டார், அந்த வார்த்தையை மட்டும் போடவில்லை.

புது ஷூ கடித்தது. நடந்து பழக்கலாம் என்று காவிரிக்கரைக்குப் போனேன். மேட்டூர் தண்ணீர் படிகளைத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. கரைப்பாதை முழுக்கச் சேறு. ஷூவைப் படித்துறையிலேயே கழற்றினேன். பழகிய கை தானாக ஜோடி சேர்த்து வைத்தது. வழுக்கி விழுந்தால் போனும் போய்விடுமே என்று அதையும் ஒரு ஷூவுக்குள் செருகினேன். புத்திசாலியாம்.

வெறுங்காலில் மதகு வரை போய், வயல் வரப்பு வழியாகத் திரும்பி வந்தால் படித்துறையில் கூட்டம். நாலைந்து பேர் ஆற்றில் முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தார்கள். நானும் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன்.

“யாருங்க?” என்றேன், முன்னால் நின்றவரிடம்.

“ஜப்பானுக்குப் போக இருந்த பொண்ணுங்க,” என்றார் திரும்பாமலே. “டீச்சர் வேலையாம். என்ன மனக்கஷ்டமோ.”

பக்கத்தில் வாத்து மேய்ப்பவர் ஒருவர் கழியை ஊன்றி நின்றார். “நான் கண்ணால பாத்தேங்க. நீலச் சுடிதார். படியில நின்னுச்சு, அப்படியே தண்ணில எறங்குச்சு. கூப்பிட்டேன், திரும்பலை.”

குனிந்து பார்த்தேன். நான் போட்டிருந்தது நீலச் சுடிதார்தான். அதில் ஒரு சொட்டு ஈரமில்லை.

கூட்டத்தின் இடுக்கில் அத்தை தெரிந்தார். படியில் உட்கார்ந்து என் ஷூவை மடியில் வைத்திருந்தார். தன் போனிலிருந்து என்னை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மடியிலேயே, ஷூவுக்குள், மணி அடித்துக்கொண்டிருந்தது.

“அத்தை,” என்றேன்.

கூட்டம் விலகியது. வாத்துக்காரர் என்னைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். “அப்ப அது யாரு?” என்றார். இருட்டும்வரை தேடினார்கள். சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டிலும் ஆள் குறையவில்லை. இன்றுவரை குறையவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அத்தை பேசினார்.

“ஏண்டி அடுக்கி வெச்ச?”

“அங்க அப்படித்தான் அத்தை வைக்கணும். பழகிப் பாத்தேன்.”

“திரும்பி வர்றவ உதறிட்டுப் போவாடி. வராதவங்கதான் அடுக்கி வெச்சிட்டு எறங்குவாங்க.”

இனி அனுப்ப மாட்டார் என்றே நினைத்தேன். அவரோ ஷூவைத் துணியால் துடைத்து, தானே என் பையில் வைத்தார். “பள்ளிக்கூடத்துல அவங்க சொல்றபடி வை. ஒன் ரூம்ல உதறிப் போடு. போயிட்டு வா.”

போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அடர்நிற பேண்ட் மூன்று, கழுத்து இறங்காத முழுக்கைச் சட்டைகள், விழாவுக்கு ஒரு புடவை போதும். சாக்ஸ் நிறைய எடுங்கள். ஓட்டை இருந்தால் ஊரே பார்க்கும். ஷூ வாங்கியதும் ஊரிலேயே நடந்து பழக்குங்கள், ஆற்றங்கரையில் வேண்டாம். நீலச் சுடிதாரை நான் எடுத்து வரவில்லை.

வந்த புதிதில் ஓர் ஆசிரியர் வீட்டு விருந்துக்குப் போனேன். வாசலில் வரிசையாகக் கறுப்பு ஷூக்கள், ஜோடி ஜோடியாக. ஆள் அரவமில்லை. உள்ளேயிருந்து யாரோ சிரிக்கும் சத்தம் கேட்கும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

செருப்பு கவிழ்ந்து கிடந்தால் வீட்டில் சண்டை வரும் என்று சின்ன வயதில் என் தலையில் குட்டியவர் அத்தை. இப்போது தினமும் சாயங்காலம் போன் செய்து, சாப்பிட்டாயா என்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்கிறார்.

“ஷூ எப்படிடி கெடக்கு?”

“ஒண்ணு கதவுகிட்ட, ஒண்ணு கவுந்து கெடக்கு அத்தை.”

“கெடக்கட்டும். நிமித்தாத.”