இடது வளைவுகளில் நான் கெட்டிக்காரி

என் வயிற்றைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ரயில், விமானம், படகு எதிலும் அதற்குத் தொந்தரவு கிடையாது. மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவு வந்தால் போதும், காலையில் சாப்பிட்டது நேற்றுச் சாப்பிட்டதையும் கூட்டிக்கொண்டு மேலே வந்துவிடும்.

கல்யாணமான புதிதில் ஊட்டிக்குக் கிளம்பினோம். மேட்டுப்பாளையத்தில் டாக்சி பிடித்து, ஆறாவது வளைவில் என் கணவரின் புதுச் சட்டையை நாசம் செய்தேன். "வண்டியைத் திருப்புங்கோ" என்றார் அவர். கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுப் போகலாம், சரியாகிவிடும் என்று டிரைவர் சொல்லிப் பார்த்தார். இவர் கேட்கவே இல்லை. ஊட்டியில் இருக்க வேண்டிய நான்கு நாளும் கோயம்புத்தூர் லாட்ஜ் ஒன்றில் ரம்மி ஆடினோம். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் என்னைப் பிடுங்கித் தின்றது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டி அன்றே மறந்திருப்பேன்.

அதற்குப் பிறகு முப்பத்தோரு வருஷமும் எங்கள் பயணமெல்லாம் கடலோரம்தான். கன்னியாகுமரி, ராமேஸ்வரம், பூரி, கோவா, துவாரகை. மயிலாப்பூரில் கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்துகொண்டு, லீவு விட்டால் இன்னொரு கடற்கரைக்கு ஓடுகிறவர்கள் நாங்கள் மட்டும்தான். "மலையில என்ன இருக்கு, கல்லும் மண்ணும்தானே" என்பார். எனக்காகத்தான் சொல்கிறார் என்று நினைத்து உருகிப்போய், அன்றைக்கு அவருக்கு ஒரு அடை கூடுதலாக வார்ப்பேன்.

போன வருஷம் அவர் ரிட்டயர் ஆனார். பகலெல்லாம் பால்கனியில் உட்கார்ந்து போனில் எதையோ பார்ப்பார். நான் வந்தால் கவிழ்த்து வைத்துவிடுவார். இந்த வயதில் என்ன திருட்டுத்தனம் என்று ஒருநாள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். ஒரு ஜீப் மலைமேல் வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருந்தது. கிழக்கு சிக்கிமின் பழைய பட்டுப்பாதை. லாசாவிலிருந்து கோவேறு கழுதைகளில் கம்பளி ஏற்றிக்கொண்டு வியாபாரிகள் கலிம்போங்குக்கு இறங்கிய வழியாம். அதில் ஜுலுக் என்ற ஊருக்கு மேலே முப்பத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். இவர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மனுஷன் மலைக்கு இப்படி ஏங்குகிறாரே, எல்லாம் என் வயிற்றால் அல்லவா. அந்த நிமிஷமே முடிவு செய்தேன். எப்பாடு பட்டாவது அத்தனை வளைவையும் தாண்டி இவரை உச்சியில் கொண்டுபோய் நிறுத்துவது. இந்தத் தடவை வண்டி திரும்பக் கூடாது.

ஆனால் பழகிக்கொள்ள மயிலாப்பூரில் மலைக்கு எங்கே போவேன்? எங்கள் தெருமுனை ஸ்டாண்டில் வழக்கமாக வரும் ஆட்டோக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"கத்திப்பாரா பாலம் கீதேம்மா. சுத்திக்கினே இருக்கலாம். குந்து."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, "கோயிலுக்குப் போய் பதினொரு பிரதட்சிணம் பண்ணிட்டு வரேன்" என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அடையாறு, கிண்டி தாண்டி, நாலு இதழ்ப் பூ மாதிரி வளைந்து வளைந்து கிடக்கும் கத்திப்பாரா மேம்பாலம். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவதில், "நிறுத்துப்பா" என்று கத்தினேன். அவர் ஓரங்கட்டி, தண்ணீர் பாட்டிலையும் ஒரு எலுமிச்சம்பழத்தையும் நீட்டினார். முகர்வதற்குத் தயாராகக் கொண்டுவந்திருந்தார்.

"வண்டி ஓட்றவன் எவனாச்சும் வாந்தி எடுத்துப் பாத்துக்கீறியாம்மா? எங்க திரும்புவோம்னு அவனுக்கு முன்னாடியே தெரியும். அதான். நீயும் ரோட்டப் பாத்துக்கினே வா. வளைவு வர்றதுக்கு முன்னால வாய்வுட்டு சொல்லிடு."

அப்படியே செய்தேன். தலையை நீட்டிக்கொண்டு "இடம்... இடம்... இடம்" என்று ஏலம் விடுவது போலக் கத்தினேன். பைக்கில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். நான்காவது ஞாயிறு பதினொரு சுற்று முடித்து, கிண்டியில் இறங்கி ஒரு பிளேட் பொங்கல், இரண்டு வடை சாப்பிட்டேன். வயிறு மூச்சுக் காட்டவில்லை. சந்தோஷத்தில் ஆட்டோக்காரருக்கும் ஒரு பிளேட் வாங்கிக் கொடுத்தேன்.

விமான டிக்கெட்டைக் கொண்டுவந்து இவர் முன்னால் வைத்தபோது நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். சந்தோஷம் தாங்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

பாக்டோக்ராவில் இறங்கி, ரோங்லியில் அனுமதிச் சீட்டு வாங்கி, பதம்சென் வழியாக ஜுலுக் போய்த் தங்கினோம். மறுநாள் காலை நான் ஜீப்பில் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன், இவர் பின்னால். முதல் வளைவு. "இடம்" என்றேன். வயிறு சாதுவாக இருந்தது. இரண்டாவது வளைவு வந்ததும்தான் உண்மை உறைத்தது. கத்திப்பாராவில் எல்லாச் சுற்றும் இடது பக்கம்தான். வலது பக்க வளைவு என்ற ஒன்றையே நான் பழகவில்லை. பொய் சொல்லாமல் நிஜமாகவே கோயிலைப் பிரதட்சிணம் செய்திருந்தால் அதுவாவது பழகியிருக்கும்.

இடம் வந்தால் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். வலம் வந்தால் எலுமிச்சம்பழத்துக்குள் முகத்தைப் புதைத்தேன். பத்தாவது வளைவிலிருந்து எங்கள் நேபாளி டிரைவரும் என்னோடு சேர்ந்து "இடம்" என்று சொல்ல ஆரம்பித்தார். ஊட்டிப் பாதையில் நான் தோற்ற ஆறாவது வளைவு எப்போதோ தாண்டியிருந்தது, பதினாறு தாண்டியது, முப்பத்திரண்டும் தாண்டியது. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. காற்று மெலிந்ததாலா சந்தோஷத்தாலா தெரியாது, தலை பஞ்சாக மிதந்தது.

உச்சியில் வண்டி நின்றது. அந்த இடத்துக்குப் பெயரே தம்பி வியூ பாயிண்ட். கீழே நாங்கள் ஏறி வந்த பாதை, நான் அவசரத்தில் பிழிந்த முறுக்கு மாதிரி கிடந்தது. எதிரே கஞ்சன்ஜங்கா, வெள்ளை வெளேரென்று. "ஏன்னா, பாருங்கோ" என்று திரும்பினேன். பக்கத்தில் அவர் இல்லை. ஜீப்பின் பின் சீட்டிலேயே, என் சீட்டின் முதுகைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஆச்சு?"

"பள்ளம். எனக்குப் பள்ளத்தைப் பார்த்தா ஆகாது. ஊட்டி ரோட்டுல ஆறாவது வளைவுல ஜன்னல் வழியாப் பார்த்துட்டேன். அன்னிக்கு நீ வாந்தி எடுக்கலைன்னா நான் அழுதிருப்பேன்."

"அப்போ வண்டியைத் திருப்பினது எனக்காக இல்லையா?"

கண்ணைத் திறக்காமலே, "பாதி உனக்காக" என்றார்.

"போன்ல தினம் பார்த்துண்டிருந்தேளே?"

"பார்த்துப் பார்த்துப் பயம் தெளியும்னு நெனைச்சேன். ஒரு தடவையாவது உன்னை மலைக்கு அழைச்சிண்டு வரணும்னு. அதுக்குள்ள நீ டிக்கெட் எடுத்துட்டே."

முப்பத்தோரு வருஷத்து அடைகள் அத்தனையும் என் கண் முன்னால் வந்து போயின. பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு நாள் என் வயிறு சுமந்தது இவருடைய பயத்தையா? அவர் முகத்தைப் பார்த்தேன். மூடிய கண்ணோடு அடிக்குக் காத்திருக்கும் பையன் மாதிரி இருந்தார். என்னையும் மீறிச் சிரித்துவிட்டேன்.

கீழேயிருந்து பனிமூட்டம் ஏறி வருவதைக் காட்டி, மேலே நாதாங்குக்குப் போவதா, ஜுலுக்குக்கே திரும்புவதா என்று டிரைவர் கேட்டார். "திருப்பச் சொல்லு" என்றார் என் கணவர். நான் கையை மேலே காட்டினேன்.

வண்டி கிளம்பியது. முதல் வளைவு எனக்குத் தெரிந்த பக்கம். "இடம்" என்றேன் கம்பீரமாக. அடுத்தது மறுபக்கம். குமட்டிக்கொண்டு வர, வாயைத் திறக்க முடியாமல் எலுமிச்சம்பழத்தைப் பற்றிக்கொண்டேன். அப்போது பின் சீட்டிலிருந்து, நடுங்கிக்கொண்டு, ஆனால் வளைவுக்குச் சரியாக ஒரு நொடி முன்னதாக, ஒரு குரல் வந்தது.

"வலம்."

கண்ணைத் திறக்காமல் அதைச் சொல்லியிருக்க முடியாது.