கருவாட்டுக் கல்லில் வெல்ல தோசை

எங்கள் ஆயா, அம்மாவைப் பெற்றவள், சுடும் வெல்ல தோசையில் பெரிய கைப்பக்குவம் ஒன்றும் கிடையாது. ரேஷன் கோதுமையை அரைத்த மாவு, வெல்லத் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. கரைத்தவுடன் ஊற்றிவிடலாம். ஆனால் ராயபுரம் குப்பத்திலிருந்து திருவொற்றியூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பிறகு நான் சுட்ட எதிலும் அந்த ருசி வரவில்லை. வெல்லத்தை மாற்றினேன், மாவு மில்லை மாற்றினேன். கடைசியில் எரிச்சலோடு ஆயாவிடமே கேட்கப் போனேன்.

அவள் தோசைக்கல்லில் நெத்திலிக் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். வறுத்து எடுத்ததும் கல்லைத் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு, அதிலேயே வெல்ல மாவை ஊற்றினாள். சின்ன வயதிலிருந்து தினம் பார்த்ததுதான். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

“இன்னாடி மொறைக்கிற? நம்ம வூட்ல ஒரு கல்லுதான கீது” என்றாள்.

மாமியார் வீட்டில் கருவாட்டுக்குத் தனிக் கல் உண்டு. மறுநாள் அதை எடுத்து அடுப்பில் வைத்து தோசை ஊற்றினேன். வீட்டுக்காரர் ஒரு வாய் பிட்டுப் போட்டுவிட்டு, “இன்னா இது, கருவாட்டு நாத்தம் அடிக்குது” என்றார்.

அவர் தட்டில் மிச்சமிருந்ததையும் எடுத்து நானே தின்றேன்.