ஒரே கூரை

தலவாக்கலையில் நான் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தபோது அந்த அக்கா மாதம் ஒருமுறை வருவார். சேலைக்கு மேல் ஆண்கள் ஸ்வெட்டர், தேயிலைக் கொழுந்துக் கறை போகாத விரல்கள். அடையாள அட்டை இல்லாத தோட்டத்து ஆட்களின் விவரங்களை வீட்டுக் கம்ப்யூட்டரில் டைப் செய்து மனு எழுதிக் கொடுப்பவர். பென் டிரைவில் அவர் கொண்டுவரும் அவற்றைச் சீடியில் பதிந்து தந்தால், ஒவ்வொரு பெயரையும் என் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகுதான் சோறு கட்டும் லன்ச் சீட்டில் சீடியைச் சுற்றுவார்.

"ஹார்ட் டிஸ்க்கையே இன்னொன்னுல அப்படியே குளோன் பண்ணித் தாறேன் அக்கா. ஒன்னு போனா மத்தது ஓடும்," என்றேன்.

"அத எங்க வைப்பீங்க?"

"அதே கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளதான்."

"எங்க லயத்துல வரிசை வீடு எல்லாத்துக்கும் ஒரே கூரை தம்பி. மேட்டு லயத்துல தீப்பிடிச்சப்ப பன்னெண்டு வீடும் சேந்துதான் எரிஞ்சுச்சு. பொறப்புப் பத்திரம் ஒன்னும் மிஞ்சல. அடையாள அட்டைக்குக் கந்தோர்ல போய் நின்னா, நீங்க யாருன்னு கேக்குறாங்க. கம்ப்யூட்டர் எரிஞ்சா எரியட்டும். எங்க பேரு எரியக் கூடாது. சீடியே போதும். ஒன்னு கீழ இருக்கிற பணிய லயத்துக்கு, ஒன்னு கோயிலுக்கு."

எனக்குக் கோபம்தான் வந்தது. நான் தொழில் தெரிந்தவன். என் கடைக் கம்ப்யூட்டரைக்கூட ஒழுங்காகக் குளோன் செய்து வைத்திருந்தேன்.

அந்த டிஸ்க், அதே கம்ப்யூட்டர் மேசையின் இழுப்பறையில் கிடந்தது.