பந்தயப் புழு

மேனாம்பேட்டில் எங்கள் வீட்டுத் துவைகல்லுக்குப் பின்னால் தானாக முளைத்த தக்காளிச் செடியில் ஒரு நாள் இரண்டு பச்சைப் புழுக்கள் அகப்பட்டன. இரண்டும் அரிசி அளவுதான். ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன், இன்னொன்றை அடுத்த தெருவில் இருந்த மாமன் மகன் எடுத்துக்கொண்டான். யாருடைய புழு நன்றாகக் கொழுக்கிறதோ அவருக்கு, வெள்ளிக்கிழமை மாங்காட்டுக் கோயிலுக்குப் போகும்போது அப்பாவின் சைக்கிளில் முன் கம்பி. தோற்றவருக்குப் பின்னால் கேரியர். முன்னால் உட்கார்ந்தால் மணியடித்துக்கொண்டே போகலாம். நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

என் புழுவை ஊறுகாய் பாட்டிலில் குடிவைத்து, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டேன். அந்தச் செடி இனி என் செடி என்று அறிவித்துவிட்டேன். காலையில் தண்ணீர் ஊற்றி, கொழுந்தாகப் பார்த்து இலை கிள்ளுவேன். மாமன் மகனுக்கு ஒழுங்கு என்பதே கிடையாது. போகிற வழியில் எவர் வீட்டுத் தக்காளி, எவர் வீட்டுக் கத்தரி என்று பார்க்காமல், செடிக்கு ஓர் இலையாகப் பறித்துப் போட்டான். பிச்சை எடுத்துத் தின்கிற புழு என்று நான் கேலி செய்தேன்.

அந்தப் பிச்சைக்காரப் புழு சுண்டுவிரல் கணக்காகத் திரண்டது. என்னுடையது தீக்குச்சியைத் தாண்டவில்லை.

“இன்னாமே, உன் புழு ஒண்ணியும் துன்றதில்லியா?” என்று அவன் கேட்டபோது மண்டையில் ஒரு குட்டு வைக்கலாம் போலிருந்தது. வைக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அதிகமாக இலை கிள்ளினேன்.

அம்மா துணி துவைத்தபடியே பார்த்தாள். “இன்னாடி, செடிய மொட்டை அடிச்சிகினு கீற? ரசத்துக்கு ஒரு பழமாச்சும் உடுமா அது?”

“ஜெயிச்சதும் செடிய உட்டுர்றேன்மா.”

எனக்குப் புழுவின் மேல்தான் ஆத்திரம். சோம்பேறி, தின்னக்கூட வலிக்கிறதா என்று பாட்டிலைத் தட்டித் தட்டித் திட்டினேன். வெள்ளிக்கிழமை மாமன் மகன் முன் கம்பியில் ஏறி, வழி முழுக்க மணியடித்தான். கேரியரில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பாவின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

கல்லூரியில் தாவரவியல் வகுப்பில்தான் அது தெரிந்தது. தக்காளிச் செடியில் ஓர் இலையைக் கிள்ளினாலும், காயம் பட்ட செய்தி செடி முழுக்கப் போகுமாம். அதுவரை சும்மா இருந்த மரபணுக்கள் விழித்துக்கொண்டு, தின்கிற புழுவுக்குச் செரிக்காதபடி மிச்ச இலைகளை மாற்றிவிடுமாம். கொழுந்து கொழுந்தாக நான் ஊட்டியதெல்லாம் அந்த இலைகள்தான். பாட்டிலின் அடியில் தினமும் கறுப்பாகக் குவிந்த எச்சத்தை முகம் சுளித்துக்கொண்டு தட்டிக் கொட்டுவேனே, அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பாவம், அந்தப் புழு விடாமல் தின்றுகொண்டேதான் இருந்திருக்கிறது.