அத்தை எடுத்த சாயங்காலப் பெரட்டு

தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு மனம் பிசகிவிட்டது என்று சந்தேகம் எழுந்தால், முதலில் தோட்டத்து மருந்தகத்தை நடத்தும் டிரசர் வந்து பார்க்க வேண்டும். அவர் எழுதிக் கொடுத்தால் பெரிய டாக்டர் பார்ப்பார். பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்ட பிறகே தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையைப் பற்றிய பேச்சை எடுக்கலாம். ஈப்போவில் அரசாங்க நாற்காலியில் அமர்ந்து, தலை நரைக்கும்வரை இப்படிப்பட்ட வரிசைகளைக் காவல் காத்தவள் என்ற தகுதியில் சொல்கிறேன். என் அத்தையின் விஷயத்தில் எல்லாம் தலைகீழாக நடந்தது. முதலில் குழாயடி தீர்ப்பு வழங்கியது. அடுத்து, ஆட்களை மேய்க்கும் மண்டோர் தண்டனையை யோசித்தார். டிரசருக்குக் கடைசியில்தான் ஆள் போனது.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. ஈப்போவை அடுத்த லகாட்டுக்கு அப்பால் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிப் பால் எடுத்துக்கொண்டிருந்தார். மாமா இறந்தபின், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்தில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். தீபாவளிக்குப் புது சிலிப்பர் வேண்டும் என்று அத்தை கேட்டார். அதை வாங்க மாமா சைக்கிளில் ஈப்போவுக்குப் புறப்பட்டார். வழியில் லாரி அடித்துவிட்டது. வீட்டில் இதைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அத்தையைத் தவிர.

அத்தை பேசிய விதம்தான் பிரச்சினை.

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு நடக்கும். ஆட்கள் வரிசையில் நிற்க, கணக்கெழுதும் கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு ஆளைச் சரிபார்ப்பார். மரத்தில் ஏன் காயம், பால் ஏன் குறைச்சல் என்ற விசாரணையும் நின்ற இடத்திலேயே முடிந்துவிடும். அத்தை அதே பெரட்டைத் தினமும் சாயங்காலம் தனக்கென்று இன்னொருமுறை நடத்துவார். வேலை முடிந்து குளித்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கோழிக்கூண்டுக்கு எதிரே கவிழ்த்த வாளிமேல் உட்காருவார். கிராணியின் கட்டைக்குரலில் தன் பெயரைத் தானே கூப்பிடுவார். அடுத்த நொடி தன் சொந்தக் குரலில், "இருக்கேன்யா" என்பார். விசாரணை தொடங்கும்.

"இன்னைக்கு யாரு மேல எரிஞ்சு விழுந்த?"

"மண்டோர் பொஞ்சாதி மேலய்யா."

"எதுக்கு?"

"குழாயடியில என் வாளிய தள்ளிட்டு அவ வாளிய வச்சா."

"ஒரு வாளிக்கா இம்புட்டுக் கோவம்?"

"இல்லய்யா. எந்திரிச்சதுல இருந்தே கோவமாத்தான் இருந்தேன். அவ வந்து மாட்டிக்கிட்டா."

"நாளைக்குப் பாத்தா என்னா செய்வ?"

"சிரிக்கிறேன்யா. அவ சிரிக்கலன்னா போவட்டும்லா."

நான் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டே கேட்பேன். நிஜமான கிராணி பதில் வருவதற்குள் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அத்தையின் கிராணி பதில் வரும்வரை காத்திருப்பார். திட்டவும் மாட்டார்.

கடைசிக் கேள்வி மட்டும் தினமும் ஒன்றேதான். "நீ சிலிப்பர் கேக்காம இருந்திருந்தா அவரு இருந்திருப்பாரா?"

கோழிகள் கிளறும் சத்தம் மட்டும் கேட்கும்.

"தெரியலய்யா."

"சரி. நாளைக்கு வா."

பதில் தெரியாத கேள்விக்குக் கைக்குக் கிடைத்த பதிலை எழுதிக் கோப்பை மூடிவிடும் அதிகாரிகளோடுதான் என் உத்தியோகக் காலம் கழிந்தது. நானும் சிலவற்றை அப்படி மூடியிருக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, மறுநாளும் அதே கேள்விக்கு வந்து நின்றவர் எனக்குத் தெரிந்து அத்தை ஒருவர்தான்.

வாளி விசாரணை நடந்த அன்று மண்டோர் மனைவி வேலிக்கு அந்தப் பக்கம் கீரை பறித்துக்கொண்டிருந்தார். மறுநாள் குழாயடியில் தீர்ப்பு தயாராக இருந்தது.

"அந்தக்கா கிலா ஆயிருச்சுடி, முழுப் பைத்தியம். அதுவே கேக்குது, அதுவே பதில் சொல்லுது. தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் ஏத்தி வுடணும்."

"உன் பேரும் விசாரணையில வந்துச்சாமேக்கா?" என்றார் வரிசையில் நின்ற இன்னொரு பெண். குழாயடியே சிரித்தது. அந்தச் சிரிப்புதான் மண்டோரை எங்கள் வீட்டு வாசல்வரை கொண்டுவந்தது.

புத்தி சரியில்லாத ஆள் கையில் பால்வெட்டும் கத்தியைக் கொடுக்க முடியாது என்று அவர் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். கத்தி போனால் வேலை போகும். அதன்பின் அத்தையை எங்கே அனுப்புவார்கள் என்பதைக் குழாயடி ஏற்கெனவே சொல்லியிருந்தது. அப்பா அத்தையிடம் கெஞ்சினார்.

"அக்கா, கேக்கறத மனசுக்குள்ளயே கேளுங்கக்கா. சத்தம் மட்டும் வேணாம்."

"மனசுக்குள்ள கேட்டா ஏமாத்திருவேன்டா தம்பி."

ஆனாலும் தம்பிக்காக நிறுத்தினார். வாளி அதன் வேலைக்குத் திரும்பியது. அடுத்த வாரத்துக்குள் அத்தை சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போகத் தொடங்கினார். அதன்பின் ஒருநாள் காலை பெரட்டுக்கே போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். கூப்பிட்டால் "ம்" என்ற சத்தம்கூட இல்லை. அப்போதுதான் டிரசருக்கு ஆள் போனது.

டிரசர் நாடி பிடித்தார், நாக்கைப் பார்த்தார், கண்ணை விரித்துப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"ஏம்மா, காதுல எதாச்சும் குரல் கேக்குதா?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சுய்யா."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"யாரு குரல்?"

"என் குரல்தான். வேற யாரு என்னைய வந்து கேக்கப் போறா?"

டிரசர் சிரித்துவிட்டார். அம்மாவுக்கு அப்போதுதான் தைரியம் வந்தது. "அண்ணி பேசுனப்பல்லாம் நல்லாத்தான் இருந்தாங்கய்யா. நிறுத்தச் சொன்னப்புறம்தான் இப்படிப் படுத்துட்டாங்க" என்றார்.

டிரசர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அப்பப் பேச வுடுங்க. சத்தமாவே பேசட்டும். மண்டோருகிட்ட நான் சொல்லிக்கிறேன்." வாசல்வரை போனவர் திரும்பி, பையிலிருந்து ரோஸ் நிற மருந்துப் புட்டி ஒன்றை எடுத்து வைத்தார். "இதையும் வச்சிக்கிங்க. மருந்து குடுக்காம போனா மண்டோர் நம்ப மாட்டாரு."

மருந்து வாழைமரத்துக்குப் போனது. அத்தை வாளிக்குத் திரும்பினார், வேலைக்கும் திரும்பினார். குணமானது மருந்தால்தான் என்று லயம் முழுவதும் நம்பியது. மண்டோர் மனைவி தன் மாமியாருக்கு அதே மருந்து வேண்டும் என்று டிரசரிடம் போய் நின்றார்.

நான் ஓய்வுபெறும் சமயத்தில் எங்களை ஒரு ஹோட்டலில் உட்காரவைத்து மனநலப் பயிற்சி கொடுத்தார்கள். தினமும் ஒரு நேரத்தை ஒதுக்குங்கள், உங்களை நீங்களே உண்மையாகக் கேளுங்கள், கேட்பவர் திட்டக் கூடாது, பதில் வராவிட்டால் அவசரப்படாதீர்கள் என்று ஓர் இளம் பெண் திரையில் படம் போட்டு விளக்கினார். நல்ல பெண். சொன்ன எல்லாமே சரி. பயிற்சி முடிந்து சான்றிதழும் தந்தார்கள். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு என் பெயரை நானே கூப்பிட்டுப் பார்த்தேன். "இருக்கேன்" என்று சொல்லவே எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. அத்தை வெட்டவெளியில், லயம் முழுவதும் கேட்க, தினமும் அதைச் சொன்னவர்.

அத்தை வாளிக்குத் திரும்பியபின் வந்த ஒரு சாயங்காலம், வழக்கம்போல நான் சப்பாத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தேன். கொடியில் அம்மா தைப்பூசத்துக்கான மஞ்சள் துணிகளைக் காயப்போட்டிருந்தார். கடைசிக் கேள்வி வந்தது. வழக்கமான "தெரியலய்யா"வுக்காகக் காத்திருந்தேன்.

"கேட்டேன்யா" என்றார் அத்தை. "சிலிப்பர் கேட்டேன். லாரிய நான் கேக்கல."

 கிராணி கட்டைக்குரல் போடவும் மறந்து, "சரி. உள்ள போ" என்றார்.

லாரியை யாராவது கேட்பார்களா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் முழுவதும் நனைந்திருந்தது, அவரும் சிரித்தார். உள்ளே போய் அம்மாவிடம் சோறு கேட்டார்.

மறுநாள் பெரட்டு ஒரு கேள்வி குறைவாக முடிந்தது. அத்தை மறந்துவிட்டார் என்று நினைத்து நான் ஞாபகப்படுத்தினேன்.

"அத்தை, இன்னொரு கேள்வி இருக்கு."

"அதுக்குப் பதில் வந்துருச்சுடி."

"எப்ப?"

"நேத்து."

எனக்கு விளங்கவே இல்லை. நேற்று எங்கள் லயத்துக்குத் தபால்காரர் வரவில்லை. கிராணி வீட்டு ஆளும் வரவில்லை. நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். பதில் யார் மூலமாக வந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா காய்ந்த மஞ்சள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். இன்று அந்தக் கோப்பை மூடச் சொன்னால் நான் இப்படி எழுதுவேன்: பதில் வந்து சேர்ந்த நாள், தைப்பூசத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை.