தேவகி அக்கா வெற்றிலை கொடுத்து வைத்த கிட்டார்

தேவகி அக்காவின் எண்ணிலிருந்து வந்த அழைப்பு நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. அதைத்தான் முதலில் கவனித்தேன். போனில் பேசுவதென்றால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் முதலில் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். நான் தண்ணீர் குடித்துத் தயாராகும் அளவுக்கு நேரம் விட்டு, அப்புறம்தான் அழைப்பார். அன்று காலை அப்படி இல்லை. எடுத்தேன். அவருடைய கணவர் அன்பழகன் மாமாவின் குரல்.

"கொடி, அக்கா போயிட்டாம்மா."

நெஞ்சு வலிக்கிறது என்று விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்தாராம். மாமா வேனில் மன்னார்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். நான் "சரி மாமா" என்றேன்.

அவரை மேடையில் பார்த்தவர்கள் நீடாமங்கலத்தைச் சுற்றி நிறையப் பேர் இருப்பார்கள். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பகலில் அவர் தையல்கடை நடத்தினார். திருவிழாக் காலத்தில் ஊர் ஊராகப் போய்ப் பாடினார். கடையும் அவருடையது, மெல்லிசைக் குழுவும் அவருடையது. குழுவின் வேனை ஓட்டுவது அன்பழகன் மாமா. அக்காவின் அம்மா நடவு நட்டவர். அக்கா மேடையேறினால், வயலில் இறங்கப் போகிறவரைப் போலச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் மைக் முன்னால் நிற்பார். முதல் பாட்டு சாமிப் பாட்டு. இரண்டாவது பாட்டிலேயே கூட்டம் அவர் கைக்கு வந்துவிடும்.

நான் பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு அவர் கடைக்கு வேலைக்குப் போனேன். ஏன் நின்றாய் என்று தெருவே கேட்டது. அவர் மட்டும் கேட்கவில்லை. "காஜா எடுக்க, பித்தான் வைக்கத் தெரியுமா?" என்றார். தலையை ஆட்டினேன். "அப்ப உக்காரு."

கடைக்கு மேல் மாடியில்தான் குழு ஒத்திகை பார்க்கும். அங்கேதான் பேஸ் கிட்டாரை முதலில் தொட்டேன். நான்கு தடித்த கம்பிகள். அதன் சத்தம் தனியாகக் காதில் விழாது, பாட்டுக்கு அடியில் தரை போலக் கிடக்கும். யாரும் பார்க்காத வாத்தியம் என்பதால்தான் எனக்குப் பிடித்திருக்க வேண்டும். வாசித்தவர் டீ குடிக்கப் போகும்போது எடுத்துத் தட்டிப் பார்ப்பேன். மீதியைப் போனில் பார்த்துப் பழகினேன். அதை வாசித்தவருக்குத் திருப்பூரில் வேலை கிடைத்தபோது, பொங்கலுக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று கிட்டாரை விட்டுவிட்டுப் போனார். அக்கா வேறு ஆள் தேடவில்லை. "அடுத்த புரோகிராமுக்கு நீ வர்ற" என்று துணியை வெட்டிக்கொண்டே சொன்னார். அன்று நான் சாப்பிடவில்லை.

அந்த முதல் நிகழ்ச்சி கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு கோயிலில் நடந்தது. நான் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் முக்கால்வாசி மறைந்து நின்றேன். இரண்டு பாட்டு முடிந்ததும் விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் மேடையோரம் வந்து அக்காவிடம் சொன்னார்.

"அந்தப் பொண்ணு சும்மா நிக்கிறதுக்கு எதுக்குங்க ஒரு ஆளு? சத்தமே வரல. அடுத்த வருசம் அது இல்லாம வாங்க, ரேட்டைக் கொறைங்க."

"அது கேக்காது அண்ணே. நிறுத்துனாத்தான் தெரியும்" என்றார் அக்கா.

அடுத்த பாட்டின் நடுவில் திரும்பி, கையை இறக்கி எனக்கு நிறுத்தச் சொன்னார். பயந்துபோய் நிறுத்தினேன். டிரம்ஸ் ஓடியது, கீபோர்டு ஓடியது. ஆனால் பாட்டு கயிற்றில் காயப்போட்ட சட்டை மாதிரி ஆடியது. முன்னால் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் கால் தடுமாறி மேடையைப் பார்த்தார்கள். அக்கா கையை உயர்த்த, நான் மறுபடி வாசிக்க ஆரம்பித்தேன். கமிட்டிக்காரர் சிரித்துவிட்டார். "சரி சரி, அது நிக்கட்டும்" என்றார்.

பொங்கலுக்குக் கிட்டாரின் சொந்தக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போனார். என் கை காலியானது. அப்போதுதான் கூத்தாநல்லூரில் ஒருவர் பேஸ் விற்கிறார் என்று தெரிந்து, அக்கா என்னை அழைத்துப் போனார்.

விற்பவரை அக்கா பாய் என்றே அழைத்தார். சிங்கப்பூரில் ஹோட்டல் மேடைகளில் வாசித்துவிட்டு ஊர் திரும்பியவர். பெட்டியைத் திறந்தார். நடுவில் கருப்பட்டி நிறம், ஓரம் போகப் போகக் கறுப்பு. கம்பிகளின் மேல் பளபளக்கும் ஒரு இரும்பு மூடி. கட்டைவிரல் வைக்கும் இடத்தில் வண்ணம் உரிந்து மரம் தெரிந்தது. ஐம்பது வருஷத்துப் பொருள் என்றே நினைத்தேன்.

"பழசில்ல. பழைய மாதிரி செஞ்சது. உரிஞ்சதும் கம்பெனியிலயே உரிச்சு விக்கிறதுதான்" என்றார் பாய்.

"புதுப் பேண்ட்டைக் கிழிச்சு விக்கிறாங்களே, அந்த மாதிரியா?"

"அதேதாம்மா. நானும் அதுக்குக் கூடுதலாக் காசு குடுத்துல்ல வாங்கினேன்!"

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மடியில் வைத்து வாசித்துப் பார்த்தேன். சத்தம் அடிவயிற்றில் வந்து உட்கார்ந்தது. ஆனால் தடித்த கம்பியில் ஒரு இடத்தில் ஜர்ரென்று இரைந்தது. அது பெரிய பழுதா, சின்னப் பழுதா? கழுத்து வளைந்திருக்கிறதா? கேட்டால் பாய் தவறாக நினைப்பாரா? இவ்வளவு கனத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு நிகழ்ச்சி முழுக்க நிற்க முடியுமா?

"எப்படிடி?" என்றார் அக்கா.

"தெரியலக்கா."

அக்கா பைக்குள் கையை விட்டார். கோயில்காரர்கள் எங்கள் குழுவை அழைக்க வரும்போது தாம்பூலம் கொடுப்பார்கள். அக்கா அதை வாங்கிவிட்டால், வேறு ஊர் எத்தனை கூப்பிட்டாலும் போகமாட்டார். ஒப்பந்தத்தில் போடும் கையெழுத்தைவிட அவருக்கு அதுதான் பெரிது. அன்று அவரே வெற்றிலை, பாக்கு, ஒரு ரூபாய் நாணயம் எடுத்துப் பாயின் கையில் வைத்தார்.

"இந்தப் பொண்ணு வாயால முடிவு சொல்ற வரைக்கும் வேற யாருக்கும் குடுக்காதீங்க பாய்."

பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

திரும்பும் பேருந்தில் கேட்டேன். "நீங்களே சொல்லியிருக்கலாமேக்கா."

"தூக்கப்போறது யாரு? என் தோளா வலிக்கப்போகுது?"

நான் தைத்துச் சேர்த்த சீட்டுப் பணம் அப்போது கைக்கு வந்திருந்தது. அதில் சொந்தமாக, துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் வாங்கச் சொன்னார் என் அம்மா. வீட்டிலேயே தைக்கலாம், யாரையும் பார்த்துப் பேச வேண்டியதில்லை. இரண்டையும் வாங்க முடியாது. அக்காவிடம் சொன்னேன். அம்மா சொல்வது தப்பு என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"உங்கம்மா சொல்றது சரிதான். மெஷின் சோறு போடும். கிட்டார் போடுமான்னு நான் எப்படிடி சொல்றது?"

அதன்பிறகு தினமும் கடையைத் திறந்ததும் "முடிவாச்சா?" என்பார். நான் "நாளைக்குச் சொல்றேன்க்கா" என்பேன். "அந்த மனுசன் வெத்தலையைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கப்போறாரு" என்று கேலி செய்வார். ஆனால் ஒருநாளும் நெருக்கவில்லை. அவர் போன நாளுக்கு முந்தின நாளும் அதே கேள்வி, அதே பதில்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். குழுவில் எல்லோரும் வந்து, கையில் வாத்தியம் இல்லாமல், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றோம். அக்காவுக்கு மேடையில் கட்டும் மயில்நிறப் பட்டுச்சேலையைக் கட்டியிருந்தார்கள். வாய்க்கால் கரை வழியாக அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது, பெண்கள் நாங்கள் தெரு முனையிலேயே நின்றுவிட்டோம். பறைச் சத்தம் தூரம் போகப் போக, மேல் சத்தம் எல்லாம் கரைந்து அடிச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

சடங்குகள் முடிந்தபின் மாமாவிடம், இனிமேல் குழு இருக்குமா என்று ஒருவழியாகக் கேட்டேன்.

"தெரியலம்மா. அவ இல்லாம யாரு கூப்பிடுவா? வலங்கைமான் பக்கம் ஒரு கோயிலுக்குத் தாம்பூலம் வாங்கியிருக்கா. வேற பாடகியைக் கூட்டிட்டு வாங்கங்கிறாங்க. எனக்கு வேனைத் தொடவே மனசு வரல."

அதற்கடுத்த நாள் கூத்தாநல்லூர் பாய் போனில் அழைத்தார். மாமாதான் என் எண்ணைக் கொடுத்திருந்தார்.

"அவங்க வீட்டுக்காரர் சொன்னாரும்மா. மனசே கேக்கல. இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். காரைக்கால்லேருந்து ஒருத்தர் கிட்டாரை வந்து வந்து பாக்குறாரு. நான் வெத்தலை வாங்கிட்டேன். நீங்க சொல்லாம குடுக்க முடியாது. வேணாம்னாலும் சொல்லிடுங்க, ஒண்ணுமில்ல."

நாளைக்குச் சொல்கிறேன் என்று வாய் வரை வந்தது. நேரில் வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

மாமாவிடம் சொன்னபோது அவர், "அவ குடுத்த வாக்கு அவளோட போச்சும்மா. உன்னை அது கட்டாது" என்றார். என் பாரத்தைக் குறைக்கத்தான் சொன்னார். எனக்கோ பயம் கூடிவிட்டது. அக்கா கொடுத்தது வாங்கிக்கொள்வதாக ஒரு வாக்கு அல்ல. நான் வாய் திறப்பேன் என்று என் சார்பில் கொடுத்த வாக்கு. அது அவரோடு எப்படிப் போகும்?

கூத்தாநல்லூர் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"இப்ப எந்த மேடையில வாசிக்கப்போற?"

"தெரியலம்மா."

"உன் சீட்டு, உன் பணம். வாங்கி மூலையில மட்டும் வைக்காத." முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் பேருந்துக்குக் கிளம்பும்போது, பணத்தை ஒரு துணிப்பையில் சுற்றிக் கையில் கொடுத்தது அவர்தான்.

பாய் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தார். வாசித்தேன். அதே இடத்தில் ஜர்ரென்றது. அந்த இடத்தில் விரலை வைத்தேன்.

"பாய், இங்க இரையுது" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "கழுத்து மரத்துக்குள்ள இருக்கிற இரும்புத் தண்டு ரொம்ப முறுக்கியிருக்குன்னு நினைக்கிறேன். கொஞ்சம் இளக்கலாமா?"

அவர் கோபிக்கவில்லை. "எனக்கும் தெரியும்மா. நீங்க அன்னிக்கே கேப்பீங்கன்னு பாத்தேன்" என்று அதைத் திருகும் சாவியை எடுத்துவந்தார். மெல்லத் திருகினோம். இரைச்சல் முழுவதும் போகவில்லை, குறைந்தது.

பிறகு கிட்டாரின் பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றேன். கனம்தான். அக்கா இரண்டாவதாகப் பாடும் பாட்டின் அடிச் சத்தத்தை ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். மேலே பாட யாருமில்லை. குரல் இல்லாமல் அது வெறும் சத்தமாகிவிடும் என்றுதான் இத்தனை நாளும் பயந்திருந்தேன். சரணத்தில் அக்கா மூச்சு வாங்கும் ஒரு இடம் உண்டு. கேட்பவருக்குத் தெரியாது. என் கைக்குத் தெரிந்திருந்தது. அங்கே அதுவாக நின்று, அவர் மூச்சு வாங்கும் நேரம் விட்டு, மறுபடி தொடர்ந்தது.

இந்தக் குழு மறுபடி மேடையேறுமா என்று எனக்கு இன்றும் தெரியாது. மெஷினை வாங்கியிருக்கலாமோ என்ற பயமும் போகவில்லை. தேவகி அக்கா, நீங்கள் தினமும் கேட்ட கேள்விக்கு உங்களிடமே பதில் சொல்லியிருக்க வேண்டும். நிம்மதியாகப் போய் வாருங்கள்.

பாட்டு முடிந்ததும் பாய் ஒன்றும் கேட்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை மட்டும் ஆட்டினால் போதும் என்று தோன்றியது. நிமிர்ந்து, "எடுத்துக்கிறேன் பாய்" என்று வாயால் சொன்னேன்.